தங்கத் துகளும் கரிப் படலமும்

லண்டன் மாநகருக்குப் போகிறவர்கள் பிரிட்டிஷ் மியூஸியத்துக்குள் நுழைந்து, எகிப்தின் மம்மிகளையும் அஸ்ஸீரிய அரசர்களின் சிங்க வேட்டைச் சிற்பங்களையும், உலகத்தின் நானா திசைகளிலிருந்தும் வாங்கியும் வாரியும் கொண்டுவந்து குவித்திருக்கும் விக்கிரகங்களையும் பார்த்துக் கால் ஓய்ந்து திரும்பும் வேளையில், கண்ணாடிப் பேழை ஒன்றுக்குள் நிற்கும், ஒரு சாண் உயரம்கூட இல்லாத கிண்ணம் ஒன்றைப் பெரும்பாலும் கவனியாமலே கடந்துவிடுகிறார்கள். நான் அந்தக் கிண்ணத்தைத் தரிசிப்பதற்காகவே அங்கே போனேன். கி.பி. நான்காம் நூற்றாண்டில் ரோம ஸாம்ராஜ்யத்துக் கம்மியர்கள் செய்த அதற்கு லைகர்கஸ் கிண்ணம் என்று பெயர். மதுவின் தேவனாகிய டயோனிஸஸைப் பகைத்துக்கொண்ட திரேஸ் நாட்டு அரசன் லைகர்கஸை, திராட்சைக் கொடியாக உருமாறிய நங்கை ஒருத்தி சுற்றி வளைத்து இறுக்கும் புராணக் காட்சி அதன் புறத்தே குடைந்து செதுக்கப்பட்டிருக்கிறது. வெளிச்சம் முன்புறமிருந்து விழும்போது கிண்ணம் பச்சையாகத் தோன்றுகிறது; வெளிச்சம் உள்ளேயிருந்து ஊடுருவி வரும்போது அதே கிண்ணம் மாணிக்கச் சிவப்பாக மாறிவிடுகிறது.

இந்த ஜாலத்துக்குக் காரணம் யாது என்பதை 1990-ஆம் ஆண்டில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியைக் கொண்டு கண்டறிந்தார்கள். தங்கமும் வெள்ளியும் கலந்த நுண்ணிய துகள்கள் அந்தக் கண்ணாடிக்குள் விரவிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 70 நானோமீட்டர், அதாவது ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கி, அவற்றில் எழுபதை எடுத்துக்கொண்டால் எவ்வளவோ அவ்வளவு. அந்தக் கம்மியர்கள் இதையெல்லாம் அறிந்து செய்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. உலையில் எப்படியோ கலந்த பொன்னின் விளைவைக் கண்ணால் கண்டு, கையால் பழகி, காரணம் தெரியாமலே வித்தையைக் காப்பாற்றி வந்தவர்கள் அவர்கள்.

காரணத்தைத் தேடியவருடைய இல்லம் அங்கிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே இருக்கிறது. ஆல்பமார்ல் வீதியில், பருத்த தூண்கள் வரிசையாக நிற்கும் முகப்பையுடைய ராயல் இன்ஸ்டிட்யூஷனின் காட்சிச் சாலையில், மைக்கேல் ஃபாரடே தம் கையால் தயாரித்த பொன் திரவங்கள் இன்னும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. தங்க உப்பின் கரைசலில் பாஸ்பரஸைக் கொண்டு வினை நிகழ்த்தி அவர் பெற்ற அந்தச் செந்நிறத் திரவத்தில், தங்கம் கரைந்து மறைந்துபோகவில்லை, கண்ணுக்குப் புலப்படாத பொடியாக மிதந்துகொண்டிருக்கிறது என்று 1857-இல் ராயல் சொஸைட்டியின் முன்னிலையில் அவர் எடுத்துரைத்தார். எந்த நுண்ணோக்கியாலும் அந்தப் பொடியைக் காண முடியாதிருந்த காலத்தில், ஒளிக்கற்றை ஒன்றைத் திரவத்தினூடே பாய்ச்சி, அது வழி நெடுகச் சிதறி ஒளிர்வதை மட்டுமே சாக்ஷியாகக் கொண்டு அந்த முடிவுக்கு வந்தார்.

உலோகத்துக்குள்ளே எந்த அணுவுக்கும் உரிமையாகாமல் திரியும் எலெக்ட்ரான்கள் ஏராளம். ஒளி என்பதோ கணந்தோறும் திசை மாறி அசையும் மின்புலம். ஒளியின் அலைநீளத்தைக் காட்டிலும் மிகச் சிறிய உலோகத் துகள் ஒன்று அதன் பாதையில் அகப்பட்டுக்கொண்டால், துகளுக்குள் உள்ள எலெக்ட்ரான்கள் அனைத்தும் ஒருமித்து இப்புறமும் அப்புறமுமாக ஊசலாடத் தொடங்குகின்றன. அந்த ஊசலாட்டத்துக்குப் பிடித்தமான நிறம் ஒன்று உண்டு. அந்த நிறத்து ஒளி வந்தால் ஊசல் மும்முரமாகி, துகளின் விளிம்பை ஒட்டிய இடத்தில் மின்புலம் பன்மடங்கு பெருகுகிறது. இரண்டு துகள்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்குமானால் அந்த இடுக்கிலே அது மிக உக்கிரமாகிவிடுகிறது. இந்தக் கணிதத்தை 1908-இல் குஸ்தாவ் மீ என்ற ஜெர்மானியர் எழுதி முடித்தார். இந்த ஊசலாட்டத்துக்கு இன்றைய விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் பிளாஸ்மான்.

ஆல்பமார்ல் வீதியை விட்டு, கிழக்கே தேம்ஸ் நதிக்கரையை ஒட்டி நடந்து, ஸெயின்ட் பால் தேவாலயத்தை அடைந்தேன். அதன் கோபுரக் குவிமாடத்தின் உட்புறத்தில், சுவரோரம் ஒருவர் மெல்லப் பேசினால் எதிர்ப்புறத்தில் சுவரருகே நிற்பவருக்குக் கேட்கும் மாடம் ஒன்று உண்டு. அதற்கு ஏறப் படிகள் 257 என்று சொன்னார்கள். என் முழங்கால்களின் யோசனையைக் கேட்டு, நான் கீழே நின்றே அண்ணாந்து பார்த்துக்கொண்டேன். திருவானைக்காவலில் பிறந்து, மிருதங்கத்தின் நாதத்தையும் வயலின் தந்தியின் அதிர்வையும் கணக்கிட்டுப் பெயர் பெற்றிருந்த சி. வி. ராமன், 1921-இல் முதல் முறையாக இங்கிலாந்துக்கு வந்தபோது, இந்த மாடத்தின் ஒலியைப் பரிசோதித்து அதைப்பற்றி எழுதிவிட்டுத்தான் ஊர் திரும்பினார். அதே பிரயாணத்தில், நார்க்குண்டா என்ற கப்பலின் மேல்தளத்தில் நின்று மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்ட அவர், அது ஆகாயத்தின் பிரதிபிம்பமே என்று பெரியவர்கள் சொல்லியிருந்ததை ஏற்காமல், கையிலிருந்த நிக்கோல் பட்டகத்தால் பிரதிபலித்த ஒளியை விலக்கிவிட்டு, நீலம் நீரினுடையதே என்று நிச்சயித்தார். அங்கே தொடங்கிய விசாரம், 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி கல்கத்தாவின் பௌபஜார் வீதியில் பலித்தது. கூடவிருந்து உழைத்தவர் கே. எஸ். கிருஷ்ணன், அவரும் நம் தென்பாண்டிச் சீமைக்காரரே.

அவர்கள் கண்டது இது. ஒரு பொருளின்மேல் ஒரே நிறத்து ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வருவது பெரும்பாலும் அதே நிறமாக இருந்தாலும், மிகச் சொற்பமான பங்கு மட்டும் நிறம் பிறழ்ந்து வருகிறது. அந்தப் பிறழ்வு எவ்வளவு என்பதை அளந்தால், பொருளின் மூலக்கூறுகள் எப்படி எப்படி அதிர்கின்றன என்பதும், அதன் வழியாக அவை இன்னவை என்பதும் வெளிப்பட்டுவிடும். ஆனால் அந்தச் சொற்பப் பங்கு எவ்வளவு சொற்பம் என்றால், ஒரு கோடி ஒளித்துகள்கள் சிதறும்போது ஏறத்தாழ ஒன்று மாத்திரமே அப்படிப் பிறழ்கிறது. உண்மையைச் சொல்லும் சாக்ஷி, காதில் விழாத குரலில் பேசினால் நீதிபதி என்ன செய்வார்? சுமார் அரை நூற்றாண்டுக் காலம் இந்த வித்தை செறிந்த திரவங்களையும் பளிங்குகளையும் ஆராய்வதற்கு மட்டுமே உதவியது. ஒரு பரப்பின்மேல் ஒற்றை அடுக்காக ஒட்டிக்கிடக்கும் மூலக்கூறுகளைக் கேட்பதற்கு அந்தக் குரல் போதவில்லை.

குரல் உயர்ந்தது ஸதாம்ப்டன் துறைமுக நகரத்தில். வாட்டர்லூ நிலையத்தில் ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே போய்ச் சேரலாம். டைட்டானிக் கப்பல் புறப்பட்ட ஊர் என்று அதன் ஞாபகச் சின்னங்களைத் தேடி வருகிறவர்களே அங்கு அதிகம். நான் அதைச் சீக்கிரமாகவே பார்த்து முடித்துவிட்டு, சர்வகலாசாலை இருக்கும் ஹைஃபீல்ட் பகுதிக்குப் போனேன். 1974-இல் இங்கேதான் மார்ட்டின் ஃப்ளைஷ்மன், பேட்ரிக் ஹெண்ட்ரா, ஜேம்ஸ் மக்குவில்லன் என்ற மூவர், வெள்ளி மின்முனை ஒன்றை மின்சாரத்தால் திரும்பத் திரும்ப அரித்துக் கரடுமுரடாக்கி, அதன்மேல் ஒட்டிய பிரிடின் என்னும் திரவத்தின் ராமன் நிறமாலையை எதிர்பாராத தெளிவோடு பதிவு செய்தார்கள். கரடானபடியால் பரப்பு அதிகமாயிற்று, அதிகப் பரப்பில் அதிக மூலக்கூறுகள் ஒட்டின, ஆகையால் ஒளியும் மிகுந்தது என்று அவர்கள் கருதினார்கள். மூன்றாண்டு கழித்து, அமெரிக்காவில் ஜீன்மேர், வான் டைன் என்ற இருவரும், இங்கிலாந்திலேயே கான்டர்பரியில் ஆல்பிரெக்ட், கிரைட்டன் என்ற இருவரும், தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்த்து, பரப்பு எத்தனைதான் மிகுந்தாலும் இலக்ஷக்கணக்கான மடங்காக ஒளி மிக வேண்டிய நியாயமில்லை என்று காட்டினார்கள். வெள்ளியின் மேடுபள்ளங்களில் ஃபாரடேயின் பொன்துகள் செய்த அதே ஊசலாட்டம் நடக்கிறது என்பது அதற்குப் பிறகே தெளிவாயிற்று.

ஃப்ளைஷ்மனின் பெயர் பின்னாளில், அறை வெப்பத்திலேயே அணுக்கரு இணைவைச் சாதித்துவிட்டதாக 1989-இல் அவர் செய்த அறிவிப்பினால் உலகமெங்கும் அடிபட்டு, அந்தக் கூற்று நிலைக்காமல் போனதால் நகைப்புக்கும் இடமாயிற்று. பத்திரிகைகள் அதையே நினைவில் வைத்திருக்கின்றன. பிரிடினை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

இத்தனை மகத்தான பெருக்கத்துக்கு ஒரு தோஷமும் உடன்பிறந்தே வந்தது. வெள்ளியின் எந்த இடுக்கில் புலம் குவியும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. ஒரு தகட்டில் ஓர் இடத்தில் கோடி மடங்கு பெருகுவது, மயிரிழை தள்ளி நூறு மடங்குகூடப் பெருகுவதில்லை. இன்று செய்த தகடும் நேற்றுச் செய்த தகடும் ஒத்துப்போவதில்லை. மூலக்கூறு உலோகத்தை நேரே தொடுவதால் அதன் இயல்பே திரிந்து, இல்லாத கோடுகள் நிறமாலையில் முளைப்பதும் உண்டு. 1997-இல் ஒற்றை மூலக்கூறையே இந்த முறையால் கண்டுவிட்டார்கள் என்பது பெரிய சாதனைதான். ஆனால் ஒரு வியாபாரியின் பாலில் கலப்படம் எவ்வளவு என்று அளந்து நியாயஸ்தலத்தில் சொல்வதற்கு, உரத்த குரல் மட்டும் போதாது, ஒரே சீரான குரலும் வேண்டும்.

அந்தச் சீரைக் கொண்டுவரக்கூடிய பொருள் பிறந்த ஊரைப் பார்க்க யூஸ்டன் நிலையத்திலிருந்து வடக்கே பயணமானேன். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான அந்தப் பிரயாணத்தில், செம்மறியாடுகள் மேயும் பசும்புல் மேடுகளும், கரை கட்டிய பழங்காலக் கால்வாய்களும், அவற்றில் மெதுவாக மிதக்கும் ஒடுக்கமான படகுகளும் மாறி மாறி வந்துகொண்டிருக்க, ஸ்டாக்போர்ட் நகரத்தில் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒரே தாவலாகத் தாண்டிப் போகும் பழைய செங்கல் பாலத்தின்மேல் வண்டி ஊரும்போது, கீழே தெரியும் ஆலைக் கட்டடங்களும் புகைபோக்கிகளும், இந்த நாட்டின் செல்வமெல்லாம் எங்கே நூற்கப்பட்டது என்பதைப் பிரத்யக்ஷமாகக் காட்டுகின்றன. மான்செஸ்டரில் எனக்காக மழை காத்துக்கொண்டிருந்தது. டால்ட்டன் அணுக்கொள்கையை வகுத்ததும், ரூதர்ஃபோர்டு அணுவுக்குள்ளே கருவைக் கண்டதும் இந்த மழைக்கு நடுவேதான்.

இங்கே 2004-இல் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோஸெலோவும் பென்சில் கரியாகிய கிராஃபைட்டிலிருந்து ஓரணு கனமே உள்ள படலத்தைப் பிரித்தெடுத்தார்கள். கிராஃபைட்டின் பரப்பைச் சுத்தம் செய்வதற்காக அதன்மேல் பசை நாடாவை ஒட்டிக் கிழித்து, நாடாவைக் குப்பைத் தொட்டியில் எறிவது ஆய்வுக்கூடங்களில் அன்றாட வழக்கம்; அந்த நாடாவில் ஒட்டிக்கொண்டிருந்ததையே இவர்கள் ஆராய்ந்தார்கள். அதற்குக் கிராஃபீன் என்று பெயர். 2010-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் வந்தது. கைம் பிறந்த ஆண்டாகிய 1958-இல்தான் லைகர்கஸ் கிண்ணம் பிரிட்டிஷ் மியூஸியத்துக்கு வந்தது; நோவோஸெலோவ் பிறந்த ஆண்டாகிய 1974-இல்தான் ஸதாம்ப்டன் பரிசோதனை வெளியாயிற்று. இதற்கெல்லாம் பலன் சொல்லும் பொறுப்பை ஜோஸ்யர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

பூத் வீதியில் 2015-இல் திறக்கப்பட்ட தேசிய கிராஃபீன் நிலையம், கருநிற எஃகுத் தகடுகளைப் போர்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தத் தகடுகளில் நுண்ணிய துளைகளாகக் கிராஃபீனின் சமன்பாடுகளையே பொறித்திருப்பதாகச் சொல்கிறார்கள்; மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்த வரையில் எனக்குச் சித்திர வேலைப்பாடாகவே தெரிந்தது. அங்கிருந்து சற்றுத் தூரத்தில், சர்வகலாசாலையின் ஓர் ஆய்வறையில், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் எனக்காகக் காத்திருந்தாள். அவளுடைய சாதனம், லேசர் விளக்கொன்றைப் பொருத்திய ஒரு நுண்ணோக்கியும், பக்கத்தில் ஒரு கணினித் திரையும்தான். ராமனும் கிருஷ்ணனும் சூரிய வெளிச்சத்தையும் பின்னர் பாதரஸ விளக்கையும் கொண்டு செய்த காரியத்தை அது கணப்பொழுதில் செய்கிறது.

“இது கிராஃபீன்தானா, எத்தனை அடுக்கு, எல்லாத்தையும் ராமன்தான் சார் எங்களுக்குச் சொல்றார்” என்றாள். உண்மைதான். கிராஃபீன் தன்மேல் விழும் வெள்ளொளியில் 2.3 சதவீதத்தை மட்டுமே விழுங்குவதால், கண்ணாடியின்மேல் கிடந்தால் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. சுமார் 300 நானோமீட்டர் கனமுள்ள ஆக்ஸைடு பூசிய சிலிக்கன் தகட்டின்மேல் கிடந்தால் இலேசான ஊதாச் சாயலாகத் தெரியும். அது ஒற்றை அடுக்குதான் என்பதை ஐயமற நிலைநாட்டுவது அதன் ராமன் நிறமாலையில் 1580, 2700 என்ற பிறழ்வு எண்களின் அருகே எழும் இரண்டு கோடுகளே.

அவள் காட்டிய தகட்டில் மூன்று பகுதிகள் இருந்தன. மூன்றின்மேலும் ரோடமின் என்ற சாயத்தை மிக மெல்லியதாகத் தடவியிருந்தாள். வெறும் சிலிக்கனின்மேல் பச்சை லேசரைச் செலுத்தியபோது, சாயம் தானே ஒளிர்ந்து, திரை முழுவதும் ஒரே மேடாக எழுந்து நின்றது. அதற்கடியில் ராமன் கோடுகள் இருந்தாலும் யாருக்குத் தெரியும்? கிராஃபீன் விரித்த பகுதிக்கு நகர்த்தியதும் அந்த மேடு தணிந்து, அதில் புதையுண்டிருந்த கோடுகள் மெல்லியனவாகத் தலைகாட்டின. சாயத்தின் ஒளிர்வு, மூலக்கூறு ஒளியை விழுங்கி நூறு கோடியில் சில பங்கு வினாடி தாமதித்து வெளிவிடுவது. அந்தத் தாமதத்துக்குள் கிராஃபீன் அந்தச் சக்தியை வாங்கிக்கொண்டு விடுகிறது. ராமன் சிதறலுக்கோ தாமதமே கிடையாது. ஆகையால் அது தப்பிவிடுகிறது. அதோடு, அறுகோண வளையங்களாகிய கிராஃபீனின்மேல் வளைய மூலக்கூறுகள் பாய் விரித்தாற்போல் படிந்து, அதனோடு எலெக்ட்ரான் கொடுக்கல் வாங்கல் நடத்துவதால், சில மடங்கு முதல் சில பத்து மடங்கு வரை கோடுகள் ஓங்குகின்றன. மூன்றாவது பகுதியில் கிராஃபீனோடு வெள்ளித் துகள்களும் இருந்தன. அங்கே கோடுகள் திரையின் உச்சியை முட்டின. அவள் அளவுகோலைச் சுருக்கித்தான் காட்டவேண்டியிருந்தது.

உலோகம் சக்தியைக் கொடுக்கிறது, கிராஃபீன் இரைச்சலை அடக்குகிறது என்று இதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றியது வேறு. நாதஸ்வரக்காரர் எத்தனை உச்சத்துக்குப் போனாலும், பக்கத்தில் ஒருவர் ஒத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே சுருதியை ஊதிக்கொண்டிருக்கிறாரே, அவரில்லாமல் கச்சேரி நிற்காது. கிராஃபீனின் அந்த இரண்டு கோடுகளும் இங்கே ஒத்து. எங்கெல்லாம் மின்புலம் பெருகுகிறதோ அங்கெல்லாம் அவையும் உடன் பெருகுவதால், சாயத்தின் கோட்டைக் கிராஃபீனின் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், கோடு உயர்ந்தது அந்த இடத்தின் அதிர்ஷ்டத்தாலா, மூலக்கூறுகள் உண்மையிலேயே அதிகமாக இருந்ததாலா என்று பிரித்தறியலாம். முப்பது ஆண்டுகளாக இந்தத் துறையை அலைக்கழித்த சந்தேகத்துக்கு இது ஒரு நல்ல பதில்.

மான்செஸ்டர்க்காரர்களும் கேம்பிரிட்ஜ்க்காரர்களும் வேறு சிலரும் சேர்ந்து 2010-இல் இதையே தலைகீழாகவும் செய்து பார்த்தார்கள். அளவெடுத்த பொன் வட்டுகளைக் கிராஃபீனின்மேல் வரிசையாக அமைத்து, கிராஃபீனையே பரிசோதனைப் பொருளாக்கினார்கள். எந்த மூலக்கூறு எந்த உயரத்தில் எப்படிச் சாய்ந்து கிடக்கிறது என்ற குழப்பமெல்லாம் ஓரணுக் கனப் படலத்தில் இல்லாமற்போகவே, கணக்கு சுத்தமாக வந்தது. ஒளியின் பெருக்கம், புலப் பெருக்கத்தின் நான்காம் மடிப்படி ஓங்குகிறது. துகளின் மையத்துக்கும் படலத்துக்கும் உள்ள தூரத்தின் பத்தாம் மடிப்படி குறைகிறது. அதாவது தூரம் இரட்டித்தால் பலன் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். உலோகத்துக்கு மிக அருகே ஒரு பொருளை நிறுத்த வேண்டும், ஆனால் உலோகம் அதைத் தொட்டுக் கெடுக்கக் கூடாது என்றால், மூன்றில் ஒரு நானோமீட்டர் கனமுள்ள கிராஃபீனைவிட மெல்லிய திரை வேறு எங்கே கிடைக்கும்? கேம்பிரிட்ஜில் பொன் துகளுக்கும் பொன் தளத்துக்கும் நடுவே இதையே இடைத்திரையாக வைத்து இடுக்கை அளந்து அமைத்தார்கள். பீக்கிங்கில் கிராஃபீனின் பின்புறத்தில் உலோகத்தை ஒட்டி, முன்புறம் சமதளமான நாடாவாக்கி, வேண்டிய பரப்பின்மேல் அப்படியே படியவைத்துப் படித்தார்கள். வாயு எதுவும் ஊடுருவாத படலமாதலால், வெள்ளி காற்றில் கறுத்துப்போகாமல் காக்கும் கவசமாகவும் அது உதவுகிறது.

“இத்தனை குணங்கள் இருந்தும், கடைத்தெருவில் பழத்தின் தோலை வைத்துப் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்க்க இன்னும் ஏனம்மா வரவில்லை?” என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டு, ஒரு சிறு டப்பாவைத் திறந்து தாமிரத் தகட்டுத் துண்டு ஒன்றைக் காட்டினாள். பசை நாடாவில் கிடைப்பது மயிரிழை அகலத் துணுக்குகளே. அகலமான படலம் வேண்டுமானால், ஆயிரம் டிகிரி அளவு சூட்டில் மீதேன் வாயுவைத் தாமிரத்தின்மேல் செலுத்தி வளர்க்க வேண்டும். பிறகு அதன்மேல் அக்ரிலிக் பிசினைப் பூசி, தாமிரத்தைக் கரைத்துவிட்டு, மிதக்கும் படலத்தை நீரிலிருந்து ஏந்தி வேண்டிய தகட்டின்மேல் இறக்க வேண்டும். இறக்கும்போது சுருக்கம் விழுகிறது. பிசினைக் கழுவினாலும் மிச்சம் ஒட்டிக்கொள்கிறது. அந்த மிச்சத்துக்கும் ஒரு ராமன் நிறமாலை உண்டு. இல்லாத பூச்சிமருந்தை இருப்பதாகக் காட்ட அது போதுமே!

பிசினை அகற்ற வேண்டுமானால் முந்நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றலாம். ஆனால் படலத்துக்கு அடியில் வெள்ளித் துகள்கள் இருந்தால் அந்தச் சூட்டில் அவை இளகித் திரண்டு, இடுக்குகள் எல்லாம் அழிந்துபோகும். முதலில் கிராஃபீனைச் சூடேற்றிச் சுத்தம் செய்துகொண்டு பிற்பாடு அதன்மேல் வெள்ளியை இடலாம்; அப்போதோ வெள்ளிக்குக் கவசமும் இல்லை, மூலக்கூறு உலோகத்தைத் தொடாமலிருக்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. மேலா, கீழா என்ற இந்த வழக்கில் உன் கட்சி எது என்று அவளிடம் கேட்டேன்.

“ரெண்டையும் போட்டுப் பார்த்துக்கிட்டிருக்கேன் சார். அடுத்த வாரம் வெள்ளிக்குப் பதிலாத் தங்கத்தை வைச்சு, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பார்க்கணும்” என்று சொல்லிவிட்டு, வேறொரு தகட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழே வைத்தாள்.